விழுந்தது என்றுதான் சொல்வேன்: அருங்காட்சியக அறங்காவலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அறங்காவலர் குழுவினருக்கு,

சென்ற மாதம் இரண்டாம் தளத்து இத்தாலியக் கூடத்தில் ஒரு விளக்கப் பலகை காணாமல் போனது. பளிங்குத் தேவதைக்கு இடப்புறச் சுவரில் இருந்த பலகை. நான்கு புகைப்படங்கள், பதினோரு வரிகள். தரையில் கிடந்த இறக்கை, மேசைமேல் தனியாகக் கிடந்த வலது மணிக்கட்டு, ஒட்டுவதற்கு முன் ஒன்று, ஒட்டிய பின் ஒன்று. அதைக் கழற்றி, திருகாணி இருந்த துளைகளை அடைத்து, சுவரின் சாம்பல் வண்ணத்தையே மேலே பூசிவிட்டீர்கள். பூச்சு வேலை நேர்த்தியாகவே இருக்கிறது. இப்போது அங்கே இருப்பது உள்ளங்கை அகல அட்டை: ஃபிளாரன்ஸ், 15ஆம் நூற்றாண்டு, பளிங்கு.

அடுத்த வாரம் தன்னார்வ வழிகாட்டிகள் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. தேவதை உடைந்ததைப் பற்றியோ ஒட்டப்பட்டதைப் பற்றியோ பார்வையாளர்களிடம் பேச வேண்டாம்; யாராவது கேட்டால் ‘வழக்கமான பராமரிப்பு’ என்று சொல்லிவிட்டு அடுத்த சிலைக்கு நகர்ந்துவிட வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமை தோறும் அந்தக் கூடத்தைச் சுற்றிக் காட்டுகிறேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்று ஆங்கிலத்தில் எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுத்து மூன்று வாரம் ஆயிற்று. பதில் இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. என் சுற்றுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நகரத்துத் தமிழர்கள். ஊரிலிருந்து ஆறு மாதம் பிள்ளைகளோடு இருக்க வந்த அவர்களுடைய அப்பா அம்மாக்கள். நான் யாரிடம் பொய் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களோ, அவர்களுக்கு முதலில் விஷயம் தெரியட்டும்.

தேவதை விழுந்த செவ்வாய்க்கிழமை நான் கட்டடத்தில் இருந்தேன். விடுமுறை நாள். பள்ளிப் பிள்ளைகளுக்கான கையேட்டைத் திருத்திக்கொண்டு கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே லாரியிலிருந்து அரிசி மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம், அதற்குப் பின் எதுவுமே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது புதுப் பீடம் ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. கல் போல வண்ணம் தீட்டிய பிளைவுட் பெட்டி அது. பக்கப் பலகை வெளியே பிதுங்கியதால் உள்ளே பார்க்க முடிந்தது. குறுக்குச் சட்டம் ஒன்றுகூட இல்லை. சிலையை ஏற்றிவைத்த ஒப்பந்தத் தொழிலாளி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ‘உள்ளே ஒரு குறுக்குக் கட்டை போடணும்னு போன வாரமே கேட்டேன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வரைபடத்தில் இல்லாததைப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்தது அலுவலகம். அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு அழைக்கப்படாமல் போனது அவர்.

இன்னொன்றையும் பார்த்தேன். அன்று மாலை புரவலர்களுக்கு விருந்து இருந்தது. அதற்காக, விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் துடைப்பத்தோடு ஆள் அனுப்பப்பட்டார். பெரிய துண்டுகளைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போன பிறகு மீதி எல்லாம் முறத்துக்குப் போனது. பளிங்கு புதிதாக உடைந்தால் கற்கண்டு போல மின்னும்; அந்த மின்னல் முறத்தில் சரிந்து விழுவதை நான் பார்த்தேன். பெருக்கியவர்மேல் எனக்குக் குறை இல்லை. பெருக்கச் சொன்னார்கள், பெருக்கினார். என் காலருகே கிடந்த ஒரே ஒரு துண்டை மட்டும் எடுத்தேன். கட்டைவிரல் நகமளவு. அதில் இறகின் இரண்டு கோடுகள் செதுக்கியிருந்தன. உறையில் போட்டு, தேதியும் கிடந்த இடமும் எழுதி, அலுவலகத்தில் கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. ஒட்டு வேலை முடிந்து தேவதை திரும்பி வந்தபோது இறக்கையின் கீழ் விளிம்பில், நகமளவு, ஒரு வெண்பசை நிரப்பு இருந்தது. என் உறை யாருடைய மேசையறையில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பலகையை நீங்கள் வைத்தபோது நான் சந்தோஷப்பட்டேன். ‘எதிர்பாராத விபத்து’ என்ற சொல் அதில் உறுத்தத்தான் செய்தது. குறுக்குச் சட்டம் கேட்டு மறுக்கப்பட்ட பீடம் சரிவதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? ஆனாலும் உடைந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது போதும் என்று இருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

இதே கதை இதைவிடப் பெரிய இடத்தில் நடந்திருக்கிறது. நீங்கள் அறியாதது இல்லை. ஆனால் உங்கள் முடிவைப் பார்த்தால் மறந்துவிட்டது போலத் தெரிகிறது.

2002 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் மூடிய பிறகு, ஆளில்லாத கூடத்தில் வெனிஸ் சிற்பி துல்லியோ லொம்பார்தோவின் ஆதாம் சிலை விழுந்தது. தள்ளியவர் யாருமில்லை. பிளைவுட் பீடத்தின் ஒரு பக்கம் மடிந்தது, அவ்வளவுதான். ஏறத்தாழ 350 கிலோ எடையுள்ள, ஆறடிக்கு மேல் உயரமான பளிங்கு மனிதன் கல் தரையில் விழுந்து, அடையாளம் தெரிகிற பெரிய துண்டுகள் 28 ஆகவும், சிறு துண்டுகள் நூற்றுக்கணக்கிலும் சிதறினான்.

அது சாதாரணச் சிலையும் இல்லை. வெனிஸை ஆண்ட ஆந்திரேயா வெந்திராமின் 1478இல் இறந்தார். அவருடைய கல்லறை மாடத்துக்காக 1490களின் தொடக்கத்தில் துல்லியோ செதுக்கியது. பழைய ரோமானியர் காலத்துக்குப் பிறகு பளிங்கில் வந்த முதல் ஆளுயர நிர்வாணச் சிலை இதுதான் என்று கலை வரலாற்றாளர்கள் சொல்வார்கள். இடக்கையில் ஆப்பிள், வலக்கை மரக்கிளைமேல், அடிமரத்தில் பாம்பும் திராட்சைக் கொடியும். அந்தக் கல்லறை இருந்த தேவாலயம் பின்னால் இடிக்கப்பட்டது. கல்லறையை வேறு தேவாலயத்துக்கு மாற்றினார்கள். ஆதாம் தனியாகப் பிரிந்து ஒரு மாளிகைக்குப் போய், கைமாறி, 1936இல் நியூயார்க் வந்து சேர்ந்தான். ஐந்நூறு ஆண்டு, இத்தனை இடமாற்றம், கடல் பயணம் எல்லாவற்றையும் தாங்கினான். ஒரு மரப்பெட்டியைத் தாங்க முடியவில்லை.

விழுந்தபின் அவர்கள் செய்ததைத்தான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். முதலில் துடைப்பத்தை எடுக்கவில்லை. கொலை நடந்த இடத்தைப் போலீஸ்காரர் நடத்துவது போல அந்தத் தரையை நடத்தினார்கள். எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்று படம் எடுத்துக் குறித்துக்கொண்ட பிறகே பொறுக்கினார்கள். தூள் வரைக்கும் பொறுக்கினார்கள். எந்தத் துண்டு எதன் பக்கத்தில் கிடந்தது என்பது பின்னால் அது எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்க உதவும் துப்பு.

பிறகு பன்னிரண்டு ஆண்டுகள். இரண்டு ஆண்டில் முடிந்துவிடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவசரமாக ஒட்டிவிட்டு, நாளைக்கு ஒரு கால் விரிசல் விட்டால் என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்ததால் நீண்டுபோன காலம் அது. துண்டுகளை லேசரால் அளந்து கணினியில் முழு ஆதாமை நிறுத்தினார்கள். எந்த முறிவின்மேல் எவ்வளவு பாரம் இறங்கும் என்று கணக்குப் போட்டார்கள். பசையையும் கம்பியையும் அதே மாதிரிப் பளிங்கில் ஒட்டி, உடைத்து, மறுபடி ஒட்டி, மறுபடி உடைத்துப் பார்த்தார்கள். கடைசியில்தான் ஆதாமைத் தொட்டார்கள்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவள் யார் இதையெல்லாம் பேச என்று தோன்றும். நான் பல் லேப் வைத்திருப்பவள். பல் மருத்துவர் அச்சு எடுத்து அனுப்புவார். கிரவுன், பிரிட்ஜ், டெஞ்சர் செய்து கொடுப்பேன். இருபத்தாறு வருடமாக உடைந்ததை ஒட்டித்தான் சோறு தின்கிறேன். ஆதாமைப் பற்றி அவர்கள் வெளியிட்டதைப் படித்தபோது என் மேசையில் நடப்பதை யாரோ எழுதியது போல இருந்தது.

வேர் சிகிச்சை செய்த பல்லில் மேல்பகுதி உடைந்து போயிருந்தால், வேருக்குள் ஒரு கம்பி இறக்கி அதன்மேல் பல்லைக் கட்டுவோம். முன்பெல்லாம் உலோகக் கம்பிதான். நானே நூற்றுக்கணக்கில் வார்த்திருக்கிறேன். கம்பி அசையாது, வளையாது. நோயாளி முறுக்கு கடிப்பார். கம்பிக்கு ஒன்றும் ஆகாது. சுற்றியிருக்கும் வேர் நெடுக்காகப் பிளந்துவிடும். வேர் பிளந்தால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பிறகு ஃபைபர் கம்பி வந்தது. பல்லைப் போலவே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தாங்க முடியாத அழுத்தம் வந்தால் கம்பியோ பசையோ விட்டுப்போகும், வேர் பிழைக்கும். மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

ஆதாமுக்கும் அதையே செய்தார்கள். எஃகுக் கம்பி போட்டால் கல்லைவிடக் கம்பி விறைப்பாக இருக்கும், அடுத்த முறை ஏதாவது நடந்தால் கல்தான் பிளக்கும் என்று ஃபைபர்கிளாஸ் கம்பியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் இரண்டு கணுக்கால், இடது முழங்கால் என மூன்றே இடத்தில். அத்தனை துண்டுகளுக்கு மூன்று கம்பி! மற்ற இடமெல்லாம் பசை மட்டும். பசையிலும் அதே நியாயம். கல்யாண வீட்டு மேளம் மாதிரி எல்லோரும் கூப்பிடுவது எப்பாக்சியை, பிடித்தால் விடாது. விடாது என்பதே அதன் குறை. பிழையாக ஒட்டினால் பிரிக்கக் கல்லைச் சிதைக்க வேண்டும். அவர்கள் பிரதானமாக எடுத்தது பாரலாய்டு என்ற அக்ரிலிக் வகை. நான் டெஞ்சருக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக்குக்குப் பங்காளி. அசிட்டோன் பட்டால் கரையும். நாளைக்கு நம்மைவிட விவரமானவர் வந்தால் பிரித்துத் திருத்தலாம். இந்தப் பசை பாரத்தில் மெல்ல மெல்ல நழுவிவிடுமோ என்ற பயம் இருந்தது. அதற்குத்தான் அத்தனை சோதனை.

நம் தேவதையின் மணிக்கட்டுக்குள் என்ன கம்பி இருக்கிறது? எந்தப் பசை? இரண்டு முறை எழுதிக் கேட்டேன். ‘தொழில்முறைத் தரத்தில் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது. டெஞ்சர் வாங்குகிறவர் இப்படி ஒரு பதிலை என்னிடம் பெற்றால் வேறு லேபுக்குப் போய்விடுவார்.

2014 நவம்பர் 11 அன்று ஆதாம் மறுபடி நின்றான். அந்த மாதமே ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். ஒட்டின தடம் சட்டென்று கண்ணில் படவே இல்லை. என் தொழில் புத்திக்குக் கணுக்காலைத் தேடி, குனிந்து, காவலாளி ‘மேடம்’ என்று சொல்லும்வரை பார்த்தேன். வேலை அவ்வளவு சுத்தம். மறைக்க நினைத்திருந்தால் யாரையும்விட அவர்களுக்குத்தான் வசதி. ஆனால் அந்தக் கண்காட்சியின் பெயரே மீட்டெடுத்த சிலை என்ற பொருளில் இருந்தது. விழுந்தது எப்படி, அளந்தது எப்படி, ஒட்டியது எப்படி என்று படமும் காணொளியுமாக விளக்கியிருந்தார்கள். சோதனை முடிவுகளைத் தங்கள் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பீடம் மடிந்தது என்பதையும் ஒளிக்கவில்லை. உலகத்தில் இன்னொரு ஊரில், நம்மைப் போலச் சின்ன அருங்காட்சியகத்தில், பளிங்குக் கணுக்கால் முறிந்தால் அங்கே இருப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நாமும் தொடங்கியிருக்க வேண்டியதில்லை.

வழிகாட்டிகள் கூட்டத்தில் உங்கள் தரப்பில் வந்தவர் மூன்று காரணம் சொன்னார். பலகை இருந்தால் மக்கள் சிலையைப் பார்க்காமல் விரிசலையே தேடுகிறார்கள் என்றார். உடைந்த சிலை என்று எழுதிவைத்தால் மதிப்பு குறைகிறது என்றார். புதிய புரவலர்கள் வருகிற நேரம் இது என்றார். மூன்றாவதுக்கு என்னிடம் பதில் இல்லை, அதுதான் உண்மைக் காரணம் என்று மட்டும் நினைக்கிறேன்.

மதிப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஃபிளாரன்ஸ் அக்காதெமியா அருங்காட்சியகத்தில் நிற்கும் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையின் இடக்கை 1527இல் நடந்த கலவரத்தில் உடைந்து விழுந்து, 1543இல் ஒட்டப்பட்ட கை. 1991இல் ஒருவன் சுத்தியலோடு வந்து இடது காலின் விரலைச் சிதைத்தான், அதையும் ஒட்டினார்கள். இதைச் சொல்லாத வழிகாட்டியை அந்த ஊரில் பார்ப்பது கஷ்டம். தாவீதைப் பார்க்கக் கூட்டம் குறைந்துவிட்டதா? அதே ஊரில் கதீட்ரல் அருங்காட்சியகத்தில் மைக்கலாஞ்சலோ தன் கல்லறைக்கென்று செதுக்கத் தொடங்கி, பிறகு தானே சுத்தியலால் அடித்து உடைத்த பியெத்தா, இறந்த கிறிஸ்துவைத் தாங்கும் சிலை, இருக்கிறது. திபேரியோ கால்காஞ்ஞி என்ற சீடர் துண்டுகளைச் சேர்த்தார். கிறிஸ்துவின் இடது கால் இன்றும் இல்லை. புதுக் கால் செய்து ஒட்டிவிடவில்லை. இல்லாததை இல்லாததாகவே விட்டிருக்கிறார்கள். 2019 முதல் 2021 வரை அதைச் சுத்தம் செய்தபோது பார்வையாளர் கண்ணெதிரிலேயே வேலை செய்தார்கள்.

வத்திக்கானில் இருக்கும் அவருடைய இன்னொரு பியெத்தா, 1972 மே 21 அன்று சுத்தியல் அடி வாங்கிய பியெத்தா, அதற்கு நேர் எதிர். மாதாவின் மூக்கு, இமை, கை எல்லாம் முன்பு போலவே ஆகும்வரை சீரமைத்தார்கள். அது சரியா என்று அப்போது வாதம் இருந்தது; என் மனசு இன்றும் இரண்டு பக்கமும் போய்வருகிறது. வழிபடுகிற சிலை, முகமே போய்விட்டது, வேறென்ன செய்வார்கள் என்று ஒரு நாள் தோன்றும். காயம் தெரிய விட்டிருக்கலாம் என்று ஒரு நாள். ஆனால் அங்கேயும் அடித்ததை மறைத்தார் யாருமில்லை. அன்றிலிருந்து முன்னால் நிற்கும் கண்ணாடியே அதைச் சொல்கிறது.

ஸ்பெயினில் உபேதா என்ற ஊரில் திருமுழுக்கு யோவானைச் சிறுவனாகக் காட்டும் ஒரு சிலை உண்டு, மைக்கலாஞ்சலோ இளமையில் செதுக்கியது என்று பலர் நம்புவது. 1936இல் உள்நாட்டுப் போரின்போது அடித்து நொறுக்கினார்கள், தலையை எரித்தார்கள். மிஞ்சியது பாதிக்கும் குறைவு. ஃபிளாரன்ஸ் சீரமைப்புக் கூடத்தில் பல ஆண்டுகள் கிடந்து, 2013இல் எழுந்து நின்றது. பழைய புகைப்படங்களை வைத்து மீதி உடலைச் செய்து சேர்த்தார்கள், வேண்டுமென்றால் கழற்றிவிடக்கூடிய வகையில். கருகிய முகம் கருகியபடியே இருக்கிறது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்தக் கருப்பைத் தேய்த்து எடுத்திருந்தால் எனக்கு அந்தச் சிலை ஞாபகமே இருந்திருக்காது.

விரிசலைத் தேடுகிறார்கள் என்ற புகாருக்கு வருகிறேன். ஆமாம், தேடுகிறார்கள். தேடும்போதுதான் முதன்முதலாகச் சிலையைப் பார்க்கிறார்கள். ஒரு சாதாரணச் சனிக்கிழமையில் அந்தக் கூடத்தைக் கடக்க ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் போதும். பலகை இருந்த நாளில் தேவதை முன்னால் மட்டும் கால் மணி நேரம் நிற்பார்கள். எந்த இறகு பழசு, எது நிரப்பு என்று பிள்ளைகள் பந்தயம் கட்டும். இறகு ஒவ்வொன்றும் வேறு திசையில் வளைந்திருப்பதை ஒரு எட்டு வயதுப் பையன்தான் எனக்கே காட்டினான். ஒன்பது வருடமாக நான் கவனிக்கவில்லை. இடுப்பெலும்பு மாற்றிய ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் பார்த்தபடி, ‘உள்ள என்ன கம்பிம்மா?’ என்று கேட்டார். அவருக்கு இடுப்பில் டைட்டானியம் இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. தெரியாததற்குக் காரணம் நீங்கள்.

இன்னொரு அம்மா. எழுபது வயதிருக்கும், மகள் வீட்டுக்கு வந்தவர். பலகைப் படங்களைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

‘ஏம்மா, பின்னமான சிலையை நடுக்கூடத்துல வெச்சிருக்காங்களே?’

‘ஒட்டியிருக்காங்கம்மா.’

‘ஒட்டினதைச் சொல்லியே வெச்சிருக்காங்களா?’

‘சொல்லியேதான். அந்தப் படமெல்லாம் அதான்.’

கொஞ்ச நேரம் நின்றார். ‘அப்ப சரி’ என்றார்.

பின்னமான சிலையைக் கும்பிடக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். அவருக்கே ‘அப்ப சரி’ ஆனது, புரவலருக்கு ஆகாதா?

பீடத்துக்குத்தான் திரும்ப வர வேண்டியிருக்கிறது. பலகையைக் கழற்றியது எனக்கு வெறும் வருத்தமாக இருந்தால் இரண்டு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். பயமும் சேர்ந்திருக்கிறது. தேவதையோடு அந்த வாரம் வந்த அதே மாதிரிப் பெட்டிகள் மேலும் ஐந்து அந்தக் கூடத்தில் இருக்கின்றன. வடக்கு ஜன்னலோரம் இருக்கும் மார்பளவுச் சிலையின் பீடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வண்ணம் மயிரிழையாக வெடித்திருக்கிறது. ஈரத்தால் இருக்கலாம். பலகை உப்புவதால் இருக்கலாம். இதையும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வந்து பார்த்தால் வெடிப்பின்மேல் வண்ணம் பூசியிருந்தது. அதே சாம்பல். இரண்டு சனிக்கிழமை கழித்து அதே இடத்தில் மறுபடி கோடு. அந்தச் சிலைக்கு முன்னால்தான் பள்ளிப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து வரையச் சொல்கிறோம். ஆதாம் விழுந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. தேவதை விழுந்தபோதும் இல்லை. இதை நாம் எத்தனை முறை எதிர்பார்க்கலாம்?

நான் கேட்பவை இவை.

அந்த ஐந்து பீடங்களையும் இந்த வாரமே திறந்து பாருங்கள். அருங்காட்சியகத்தைச் சேராத ஒரு கட்டுமானப் பொறியாளர் பார்க்கட்டும். அவர் எழுதித் தருவதை வெளியிடுங்கள். அதுவரை வடக்கு ஜன்னலோரம் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம். மற்ற எதற்கும் நீங்கள் அவகாசம் கேட்கலாம், இதற்கு மட்டும் கேட்காதீர்கள்.

பலகையைத் திரும்ப மாட்டுங்கள். ‘எதிர்பாராத விபத்து’ என்பதை எடுத்துவிட்டு, பீடம் மடிந்து விழுந்தது என்று எழுதுங்கள். கம்பி என்ன, பசை என்ன, எந்தப் பகுதி நிரப்பு என்பதையும் எழுதுங்கள். சீரமைப்பு அறிக்கையை யார் கேட்டாலும் படிக்கத் தர வேண்டும். அதைச் செய்தவர் பெயரும் பலகையில் வரட்டும்; நல்ல வேலை செய்திருக்கிறார், பெருமைப்பட்டுக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

முறத்தில் போனது போய்விட்டது. மிச்சமிருக்கும் துண்டுகளையாவது, என் உறையிலிருப்பதையும் சேர்த்து, எண்ணிட்டுப் பெட்டியில் வைத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இனி எந்தச் சிலை விழுந்தாலும், படம் எடுத்துக் குறிக்கும்வரை தரையைப் பெருக்கக் கூடாது என்று ஒரு விதி எழுதுங்கள். அன்று விருந்து இருந்தாலும் சரி.

அந்தத் தொழிலாளியை அழைத்துப் பேசுங்கள். குறுக்குக் கட்டை கேட்டவர் அவர் ஒருவர்தான். அடுத்த பீடங்களைக் கட்ட அவரைவிடத் தகுந்த ஆள் எனக்குத் தெரியவில்லை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பெறாவிட்டால் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் உங்கள் உரிமைதான். கேட்காத வரையில் வரும் சனிக்கிழமை பதினொரு மணிச் சுற்றுக்கு வழக்கம் போல வருவேன். பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் யாராவது மணிக்கட்டைக் காட்டிக் கேட்டால், விழுந்தது என்றுதான் சொல்வேன்.